வேலிக்கு இப்பக்கம்: சுரங்க ஏரிக்கரையில் கிராவல் சைக்கிள்

ஜெர்மனியின் கிழக்கு மாநிலங்களில், பழுப்பு நிலக்கரி தோண்டி முடித்த திறந்தவெளிச் சுரங்கங்களில் நீர் நிரப்பி உருவாக்கிய ஏரிகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அந்த ஏரிகளைச் சுற்றிக் கிராவல் சைக்கிள், அதாவது சரளைப் பாதையிலும் மண்பாதையிலும் ஓடுவதற்கென்று அகலமான டயர்களோடு செய்த சைக்கிள், ஓட்ட விரும்பும் வாசகர்கள், குறிப்பாக அங்கேயே வசிப்பவர்கள், கேள்விகள் அனுப்பியிருக்கிறார்கள். அவற்றில் ஐந்துக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, நான் லைப்சிக்கில் மேற்படிப்புப் படிக்கிறேன். முதன்முறையாக ஒரு கிராவல் சைக்கிள் வாங்கியிருக்கிறேன். எந்த ஏரியிலிருந்து தொடங்கலாம்?

நகரத்துக்குத் தெற்கே இருக்கும் கோஸ்புடன் ஏரியிலிருந்து தொடங்குங்கள். 1981 முதல் 1992 வரை நிலக்கரி எடுத்த குழி அது. நீர் நிரப்பி 2000ஆம் ஆண்டில் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். சுற்றுப்பாதை ஏறத்தாழ 11 கிலோமீட்டர். பெரும்பகுதி தார்ப்பாதை என்பதால் கிராவல் சைக்கிளுக்கு அங்கே பெரிய வேலை இல்லை. ஆனாலும் வளைந்த ஹேண்டில்பாரின் கீழ்ப்பிடியில் கைவைத்து ஓட்டவும், டிஸ்க் பிரேக்கை எவ்வளவு அழுத்தினால் வண்டி எப்படி நிற்கிறது என்று தெரிந்துகொள்ளவும், சறுக்காத பாதையில் ஒரு நாள் பழகுவது நல்லது. பழகியபின் மார்க்கிளீபெர்க் ஏரியையும் அதை அடுத்துள்ள ஷ்டோர்ம்தால் ஏரியையும் சேர்த்துச் சுற்றுங்கள். ஒன்றைப் பாருங்கள்: இவ்விரண்டையும் இணைக்கும் கால்வாயின் கரையில் சேதம் கண்டு 2021 மார்ச்சில் அதை மூடினார்கள். ஆகவே அந்த இணைப்புப் பகுதியில் எந்த வழி திறந்திருக்கிறது என்பதைக் கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

கால் பழகி, ஒரு முழு நாள் ஒதுக்க முடிந்தால், ரயில் ஏறி லவுசிட்ஸ் பகுதிக்குப் போங்கள். ஸென்ஃப்டன்பெர்க் ஏரிக்கு 1967இல் நீர் விடத் தொடங்கி 1972இல் முடித்தார்கள். அடுத்த ஆண்டே அது குளிக்கும் ஏரியாகத் திறக்கப்பட்டது. சுமார் 1,300 ஹெக்டேர் பரப்புள்ள அந்த ஏரியைச் சுற்றி 18 கிலோமீட்டர் ஓட்டலாம். அங்கிருந்து பைன் மரக் காடுகளின் வழியே பக்கத்து ஏரிகளுக்குப் பிரியும் மண்பாதைகளில்தான் உங்கள் சைக்கிள் எதற்காகச் செய்யப்பட்டது என்பது புரியும்.

கேள்வி: ஏரியைச் சுற்றும்போது பல இடங்களில் வேலியும் "உயிராபத்து" என்ற பலகையும் வருகின்றன. வேலிக்கு அப்பால் அழகான மணற்பாதை தெரிகிறது, டயர்த் தடங்களும் இருக்கின்றன. என் கைபேசி வரைபடமும் அங்கே வழி காட்டுகிறது. நீர்விளிம்பு இன்னும் வெகு தூரத்தில் இருக்கிறது. சைக்கிளில் போவதில் அப்படி என்ன ஆபத்து?

போகாதீர்கள். இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலகையில் எழுதியிருக்கும் காரணம் கண்ணுக்குத் தெரியாதது. கண்ணுக்குத் தெரியாததை நம்புவது யாருக்கும் கடினம்.

நிலக்கரிப் படிவத்தை எடுப்பதற்கு அதன் மேலே இருக்கும் பல பத்து மீட்டர் மண்ணை முதலில் அகற்றியாக வேண்டும். அப்படி அகற்றிய மண்ணை, நிலக்கரி எடுத்து முடித்த பக்கத்தில் ராட்சத இயந்திரப் பாலங்களின் வழியே உயரத்திலிருந்து கொட்டினார்கள். லிஷ்டர்ஃபெல்ட் என்ற ஊரில் இன்றும் நிற்கும் எஃப்60 என்ற பாலத்தை நேரில் பார்த்தால் அந்த வேலையின் அளவு விளங்கும். 502 மீட்டர் நீளமுள்ள இரும்புக்கூடு அது. இப்படிக் கொட்டிய மணல் இயற்கையாகப் படிந்த நிலத்தைப் போல இறுகவில்லை. குவியலில் மணல்மணிகள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும், இடையில் நிறைய வெற்றிடத்தோடு கிடக்கின்றன. சுரங்கம் இயங்கிய காலம் முழுவதும் நிலத்தடி நீரை இறைத்துக்கொண்டே இருந்ததால் குவியல் உலர்ந்திருந்தது. இறைப்பதை நிறுத்தியதும் நீர் மெல்ல மேலேறி அந்த வெற்றிடங்களை நிறைத்தது.

கடற்கரையில் அலை பின்வாங்கிய ஈரமணலில் ஒரே இடத்தில் நின்று காலைத் திரும்பத் திரும்ப மிதித்துப் பார்த்திருப்பீர்கள். முதலில் கெட்டியாக இருந்த மணல் சில நொடிகளில் நீர் கசிந்து பளபளத்து, கூழ்போலக் குழைந்து, காலை உள்ளே வாங்கும். மணிகள் நெருங்கி அமர முயலும்போது இடையிலிருக்கும் நீர் வெளியேற வழியில்லாமல் எடையைத் தானே தாங்கத் தொடங்குகிறது. நீர் தாங்கும் நிலம் திரவம்தான். கொட்டிய மணற்கரையில் இதுவே பெரிய அளவில் நிகழ்கிறது. அதைத் தூண்டிவிட ஒரு சிறிய அதிர்வோ விளிம்பில் ஒரு சிறு சரிவோ போதும். முதல் துண்டு வழுக்கி ஏரிக்குள் போனதும் பின்னாலிருந்த மண் பிடிமானம் இழந்து அடுத்த துண்டாக வழுக்கும். இப்படியே கரை நீரிலிருந்து உள்நோக்கி நிமிடக் கணக்கில் உடைந்துகொண்டு வரும். நீர்விளிம்பு தூரத்தில் இருக்கிறது என்ற உங்கள் வாதம் இங்கேதான் நிற்காமல் போகிறது. 2010 அக்டோபரில் லவுசிட்ஸின் ஷ்ப்ரேடால் பகுதியில் கரையே அல்லாத, சீரமைத்து முடித்த நிலம் திடீரென்று அமிழ்ந்தது; அதன் பிறகு முன்பு நடமாட அனுமதித்திருந்த பெரும் பரப்பை மீண்டும் மூடினார்கள்.

நாக்டர்ஷ்டெட் கிராமத்தையும் சொல்லியாக வேண்டும். ஸாக்ஸனி-அன்ஹால்ட் மாநிலத்தில் கான்கார்டியா ஏரிக்கரையில் இருக்கும் அந்தக் கிராமத்தில், 2009 ஜூலை 18ஆம் தேதி விடியற்காலையில் கரை சரிந்து வீடுகளை இழுத்துச் சென்றது. உறங்கிக்கொண்டிருந்த மூவர் உயிரிழந்தார்கள். ஆழத்து நிலத்தடி நீரின் அழுத்தத்துக்கு அதில் முக்கியப் பங்கு இருந்ததாக ஆய்வு சொன்னது. அதாவது நான் மேலே விளக்கிய அதே வழியில் மட்டும்தான் கரை உடையும் என்றுகூட நினைத்துவிடக் கூடாது.

சுற்றுப்பாதை மட்டும் எப்படிப் பாதுகாப்பானது என்று கேட்பீர்கள். தோண்டாமல் விட்ட பழைய நிலத்தின் மீது பாதை போகும் இடங்கள் உண்டு. கொட்டிய மண்ணின் மீது போக வேண்டிய இடங்களில் மண்ணை முதலில் இறுக்குகிறார்கள். நீண்ட அதிர்வுக் குழாயை மண்ணின் ஆழத்துக்கு இறக்கி, அதிரவைத்தபடியே படிப்படியாக மேலே இழுப்பார்கள். சில இடங்களில் ஆழத்தில் வெடிவைத்தும் மணலை அமரவைப்பார்கள். இப்படிக் கரையின் உள்ளே ஓர் அணை புதைந்து நிற்கும், வெளியே பார்த்தால் வெறும் புல்வெளிதான். அந்த வேலை எங்கே முடிந்தது, எங்கே முடியவில்லை என்பதை வேலி ஒன்றுதான் உங்களுக்குச் சொல்கிறது. டயர்த் தடம் சொல்லாது. முன்னால் போனவர் பிழைத்து வந்தார் என்பதற்கு மட்டுமே அது சான்று. கைபேசி வரைபடத்தின் வழிகள் பலவும் யாரோ ஓட்டிப் பதிவுசெய்தவை. மண்ணுக்கு அடியில் இருப்பது அதற்குத் தெரியாது.

நான் ஒருமுறை அப்படியொரு வேலியருகே நின்று, அப்பாலிருந்த மணலை வெகுநேரம் பார்த்திருக்கிறேன். வெண்மையான, சலித்தெடுத்ததுபோன்ற மணல். அதில் இளம் பிர்ச் மரங்கள். ஒரு சைக்கிள் தடம் மரங்களுக்குள் வளைந்து போனது. மனம் இழுக்கத்தான் செய்தது. திரும்பி வந்துவிட்டேன். நீங்களும் திரும்பி வர வேண்டும் என்று மனதார வேண்டிக்கேட்கிறேன்.

கேள்வி: இரண்டு பயணங்களில் மூன்று பங்சர். சரளைக்கல் குத்துகிறதா? காற்று எவ்வளவு வைக்க வேண்டும்?

பெரும்பாலும் கல்லாக இருக்காது, முள்ளாக இருக்கும். கழற்றிய டயரின் உட்புறத்தை விரல்நுனியால் மெல்லத் தடவிப் பாருங்கள். மரநிறத்தில் ஒரு சிறு கூர்முனை தட்டுப்படும். சத்தற்ற சுரங்க மண்ணில் வேர்பிடிக்கக்கூடியவை என்று ராபினியா மரங்களையும், ஆரஞ்சு நிறப் பழம் தரும் சாண்டோர்ன் புதர்களையும் இந்தக் கரைகளில் நிறைய நட்டிருக்கிறார்கள். இரண்டுமே கூரிய முள் உள்ளவை. புதர்களை வெட்டிச் சீர்செய்த பிறகு பாதையோரம் முழுக்க முள் சிதறிக் கிடக்கும். அந்த முள்ளை எடுக்காமல் புது டியூப் போட்டால் அதே இடத்தில் மறுபடியும் குத்தும்; உங்கள் மூன்றாவது பங்சர் அப்படி வந்ததாகவே இருக்கக்கூடும்.

டியூப் இல்லாத அமைப்புக்கு மாறி, உள்ளே அடைப்புத் திரவம் ஊற்றிக்கொள்வதே நிரந்தரத் தீர்வு. முள் குத்திய துளையைத் திரவம் தானே அடைத்துவிடும், நீங்கள் கவனிக்கக்கூட மாட்டீர்கள். சுமார் 70 கிலோ எடையுள்ளவர் 40 மில்லிமீட்டர் அகல டியூப்லெஸ் டயரில் காற்றழுத்தத்தை 2 முதல் 2.5 பார் (bar) வரை வைத்துத் தொடங்கலாம். உருளை ஓட்டி இறுக்கிய சரளைப் பாதையில் அது இதமாக இருக்கும். உதிரி மணல் வரும் நாளில் இன்னும் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள். மணலுக்குள் நுழையும் முன்பே கியரை இறக்கி, உடல் எடையைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி, ஒரே சீராகப் பெடலை மிதியுங்கள். முன் பிரேக்கைத் தொட வேண்டாம். முன்சக்கரம் சிறிது அலைந்தால் அலையட்டும். அதை இறுக்கிப் பிடித்துத் திருப்ப முயன்றால்தான் விழுவீர்கள்.

கேள்வி: கிராவல் சைக்கிளுக்கும் மணி கட்டாயமா?

கட்டாயம். ஜெர்மனியில் பொதுப்பாதையில் ஓடும் எந்தச் சைக்கிளுக்கும் மணி வேண்டும். இருட்டில் விளக்கு வேண்டும், பகலில் அதைக் கழற்றி வைத்துக்கொள்ளலாம். சட்டத்தை விடுங்கள், கோடை ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த ஏரிக்கரைகள் குழந்தைகளும் முதியவர்களுமாக நிறைந்திருக்கும். நடப்பவர்களும் சைக்கிள்களும் பகிரும் பாதையில் வேகத்தைக் குறைத்து அவர்களுக்கு ஏற்ப ஓட்ட வேண்டியது நாம்தான்.

கேள்வி: ஊரிலிருந்து என் அப்பா வருகிறார், வயது 62. அவரையும் அழைத்துப் போக ஆசை. ஆனால் வழியில் ஒரு கால்வாயில் நீர் துருப்பிடித்ததுபோல் செம்பழுப்பாக ஓடியதைப் பார்த்தேன். இந்த ஏரிகளில் இறங்கிக் குளிக்கலாமா?

நீங்கள் பார்த்த நிறம் இரும்பினுடையது. நிலக்கரியை ஒட்டிய மண்ணில் பைரைட் என்ற கனிமம் உண்டு; இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. நீரை இறைத்து மண்ணை உலர்த்தியபோது அதில் காற்றுப் பட்டது. மீண்டும் நீர் ஏறியபோது கந்தக அமிலமும் இரும்பும் கரைந்து வெளிவரத் தொடங்கின. சில ஏரிகளில் அமிலத்தன்மை எலுமிச்சைச் சாற்றை நெருங்கும் அளவுக்கு இருந்ததால், படகிலிருந்து சுண்ணாம்பு தூவி நீரைச் சமன்செய்கிறார்கள். குளிக்கத் திறந்துவிட்ட கடற்கரை போன்ற பகுதிகளில் தயங்காமல் இறங்கலாம். கோஸ்புடன் ஏரியின் தெளிவைப் பார்த்தால் அப்பா இறங்காமல் இருக்க மாட்டார். வேறெங்கும் இறங்க வேண்டாம், ஏனென்றால் சுரங்கக் குழியின் சரிவு நீருக்கடியிலும் செங்குத்தாகத் தொடரும். இரண்டடி எடுத்து வைத்ததும் தரை இருக்காது.

அவருக்கு வாடகைக்கு ஒரு சாதாரணச் சைக்கிளே போதும். ஷ்டோர்ம்தால் ஏரிக்கு அழைத்துப் போங்கள். நீரின் நடுவே தேவாலயக் கோபுரம் போல ஒரு கட்டடம் மிதப்பது கரையிலிருந்தே தெரியும். வினேட்டா என்று பெயர். நிலக்கரிக்காக 1970களின் பிற்பகுதியில் மாக்டெபோர்ன் என்ற ஊரை முழுவதுமாக இடித்துவிட்டார்கள். அந்த ஊரின் நினைவாக அதை மிதக்கவிட்டிருக்கிறார்கள். அப்பாவை அங்கே ஒரு பெஞ்சில் உட்காரவைத்து, அந்த ஊர் இருந்த இடத்தைக் காட்டுங்கள். போகும்போது எதிர்க்காற்று இருந்தால் அவரை உங்கள் பின்னால் வரச் சொல்லுங்கள். திறந்த நீர்ப்பரப்பில் மாலைக்காற்று பலமாக வீசும்.