தோற்றவருக்கும் இடம் உண்டா?

கேள்வி: மொரீஷியஸில் தேர்தலில் தோற்றவரும் நாடாளுமன்றத்துக்குள் போகலாமாமே! நம் நியமன எம்.எல்.ஏ. மாதிரிதானா? (வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

பதில்: இல்லைங்க, வேறு. இங்கே 30 பேரை நாம் தேர்ந்தெடுக்கிறோம், 3 பேரை மத்திய அரசு நியமிக்கிறது, அந்த 3 பேர் தேர்தலில் நின்றிருக்கவே வேண்டாம். அங்கே மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்புவது 62 பேரை. பெரிய தீவில் 20 தொகுதி, தொகுதிக்கு 3 பேர் என்பதால் ஒரே வாக்குச்சீட்டில் 3 பெயருக்கு எதிரே குறி போட வேண்டும். ரோட்ரிக்ஸ் தீவுக்கு 2 பேர். அப்புறம், எந்தச் சமூகத்துக்கு அவையில் ஆள் குறைகிறதோ அந்தச் சமூகத்தில், தோற்றாலும் நல்ல ஓட்டு வாங்கியவருக்கு இடம் தருகிறார்கள், அதிகபட்சம் 8. சிறுபான்மையினர் விடுபடக் கூடாதென்ற அக்கறை எனக்குப் பிடிக்கிறது, ஆனால் 1972 மக்கள்தொகைக் கணக்கை வைத்தே இன்னும் பங்கு பிரிப்பது சரியில்லை.

ஆட்சி பிரதமர் கையில். 1992-ல் நாடு குடியரசானதிலிருந்து குடியரசுத் தலைவரை இந்த அவைதான் தேர்ந்தெடுக்கிறது. நம் புதுச்சேரியிலிருந்து கப்பலேறியவர்களின் வாரிசுகளும் அங்கே வாக்காளர்கள், அந்நாட்டு ரூபாய் நோட்டிலும் தமிழ் எழுத்து இருக்கிறது.