கிட்டாரில் லூட் டேப்: ராகமே வரவில்லை என்பதற்கு

லூட் என்ற பழைய ஐரோப்பிய தந்தி வாத்தியத்துக்கு பிரான்செஸ்கோ டா மிலானோ எழுதிய ரிச்சர்காரை (ஒரு வகை இசைப்படைப்பு) டேப் (எந்தத் தந்தியில் எங்கே விரல் வைப்பது என்று கோடுகளில் காட்டும் குறிப்பு) பார்த்து கிட்டாரில் வாசித்தால் வெறும் இரைச்சலாக வருகிறது என்கிறீர்கள். உங்கள் விரலில் தப்பில்லை. பழைய இத்தாலிய டேப்பில் கோடுகள் இன்றைய கிட்டார் டேப்புக்குத் தலைகீழ். அடிக்கோடுதான் மெல்லிய தந்தி. (டௌலண்ட் போன்ற ஆங்கிலேய லூட் இசையமைப்பாளர்கள் எழுதிய பிரெஞ்சு முறையில் மேல்கோடுதான் மெல்லியது. எண்ணுக்குப் பதில் எழுத்து இருக்கும், ஏ என்றால் திறந்த தந்தி.)

அப்புறம் கிட்டாரின் மூன்றாவது தந்தியை ஜி-யிலிருந்து எஃப் ஷார்ப்புக்கு இறக்குங்கள். ஆறு கோர்ஸ் (ஒன்றாக மீட்டும் ஒற்றை அல்லது இரட்டைத் தந்தி) லூட்டின் இடைவெளிகள் அப்படியே கிடைத்துவிடும். இது இல்லாமல் எந்த டேப்பும் சரியாக ஒலிக்காது. மூன்றாவது ஃபிரெட்டில் கேப்போ (எல்லாத் தந்திகளையும் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டால் ஜி லூட்டின் (மெல்லிய தந்தியை ஜி-க்குச் சேர்த்த லூட்) ஸ்ருதியே வரும்; தனியாக வாசிப்பதற்கு அது கட்டாயமில்லை. இதற்காக இப்போதே லூட் வாங்க ஓடாதீர்கள்.