'இரண்டு சட்டைக்கைகளிலும் தூய காற்று': நேர்மைக்குச் சீனர்கள் இப்படிச் சொல்வது ஏன்?

சீனத்தில் இது 'லியாங் சியூ சிங் ஃபெங்', லஞ்சம் வாங்காத அதிகாரியைப் பாராட்டும் தொடர். புரிய வேண்டுமென்றால் முதலில் அவர்களுடைய பழைய அங்கியைப் பார்க்க வேண்டும். சட்டைக்கை அகலமாகத் தொங்கும், காசு, கடிதம் எல்லாம் அதற்குள்தான். நாம் மடியில் முடிந்துகொண்ட மாதிரி. மடியில் கனமில்லை என்கிறோமே, அதேதான் அங்கே கைக்குள் காற்று.

இந்தத் தொடர் பழைய கவிதைகளிலேயே உண்டு, ஆனால் அதை ஊரறியச் செய்தவர் மிங் அரச வம்சக் காலத்து அதிகாரி யூ சியென் (1398–1457). அப்போது அரசவையில் வாங் சென் என்ற, ஆண்மை நீக்கப்பட்ட அரண்மனைப் பணியாளரின் கை ஓங்கியிருந்தது, தலைநகருக்கு வருகிறவர்கள் வெறுங்கையோடு வர முடியாது. பட்டுக் கைக்குட்டை, காளான், ஊதுபத்தி என்று உள்ளூர்ப் பொருளாவது கொண்டு போங்கள் என்று யூ சியெனிடம் சொன்னார்களாம். அவர் ஒரு கவிதையில் பதில் சொன்னார்: இவையெல்லாம் மக்கள் பயன்படுத்த வேண்டியவை, அவர்களுக்கே கேடாகிவிட்டன, நான் சட்டைக்கைகளில் காற்றோடு பேரரசரிடம் போகிறேன், தெருவில் யாரும் என்னைப் பற்றிப் பேச வேண்டியிராது.

எனக்கு இதைவிட மனதைத் தொடுவது அவருடைய முடிவுதான். 1449-ல் மங்கோலியரிடமிருந்து பெய்ஜிங்கைக் காத்த மனிதரை 1457-ல் துரோகி என்று கொன்றார்கள். வீட்டைச் சோதித்தபோது சொத்து எதுவும் இல்லை. ஒரே ஒரு அறை மட்டும் பலமாகப் பூட்டியிருந்தது, திறந்து பார்த்தால் பேரரசர் பரிசளித்த அங்கியும் வாளும்.