சமூகத் திட்டங்களின் எதிர்பாராத விளைவுகளைப் பண்புசார் முறைகளால் எப்படி மதிப்பிடுவது?

பண்புசார் முறைகள் என்பவை நேர்காணல், கதை சேகரிப்பு போன்று, எண்களைவிட மக்களின் சொற்களிலிருந்து அறிந்துகொள்ளும் வழிகள். அவற்றைப் பயன்படுத்தும்போதும் எதிர்பாராத விளைவுகள் நம் கண்ணில் படாமல் போவதற்கு முதற்காரணம் நாம் தயாரிக்கும் வினாப்பட்டியலே. திட்டத்தின் இலக்குகளை முன்னால் வைத்துக்கொண்டு கேள்விகளை எழுதினால், அந்த இலக்குகளைப் பற்றிய பதில்கள் மட்டுமே வந்து சேரும். இதனால்தான் மதிப்பீட்டுத் துறை அறிஞர் மைக்கேல் ஸ்கிரிவன் 1972-இல் இலக்கு சாரா மதிப்பீட்டை முன்வைத்தார். திட்டம் எதற்காகத் தொடங்கப்பட்டது என்பதை அறிந்துகொள்ளாமலேயே மதிப்பீட்டாளர் களத்துக்குச் சென்று, அங்கே என்ன மாறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பது அவருடைய வாதம். பிரிட்டனின் பாத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வகுத்த முறை இதற்கு நெருக்கமானது. அதில் நேர்காணல் செய்பவருக்கு எந்த நிறுவனத்தின் எந்தத் திட்டம் ஆராயப்படுகிறது என்பது இயன்றவரை சொல்லப்படுவதில்லை.

தொழில் தொடங்கக் கடன் தரும் ஒரு திட்டத்தை எடுத்துக்கொள்வோம். "கடன் கிடைத்த பிறகு உங்கள் வருமானம் கூடியதா?" என்று ஒரு பெண்ணிடம் கேட்டால், ஆம் அல்லது இல்லை என்பதோடு பேச்சு முடிந்துவிடும். "இந்த இரண்டு ஆண்டுகளில் உங்கள் வீட்டில் என்னென்ன மாறியிருக்கிறது?" என்று கேட்டுவிட்டுப் பொறுமையாகக் காத்திருந்தால், தாய் தொழிலுக்குப் போவதால் தம்பியைப் பார்த்துக்கொள்ள மூத்த மகள் பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டாள் என்பதும் வெளிவரக்கூடும். யாரிடம் கேட்கிறோம் என்பதும் இதே அளவுக்கு முக்கியம். பாதியில் விலகியவர்கள், விண்ணப்பித்தும் சேர்க்கப்படாதவர்கள், பயனாளிகளின் அண்டை வீட்டார், அடிமட்டக் களப்பணியாளர்கள் ஆகியோரைத் தேடிச் சென்று பேச வேண்டும். பயனாளிப் பட்டியலை மட்டும் கையில் வைத்திருப்பவருக்கு இவர்கள் யாரும் அகப்பட மாட்டார்கள்.

1990-களில் வங்கதேசத்தில் ரிக் டேவிஸ் உருவாக்கிய 'மிக முக்கியமான மாற்றம்' என்ற முறையும் பயனுள்ளதுதான்; தங்கள் வாழ்வில் நேர்ந்த மிக முக்கியமான மாற்றத்தை மக்களையே கதையாகச் சொல்லவைத்துச் சேகரிப்பது அது. ஆனால் அதில் நல்ல கதைகளே அதிகம் சேரும் என்பதால், பாதகமான மாற்றங்களுக்கெனத் தனிக் கேள்வி ஒன்றை வைத்தே ஆக வேண்டும்.

மக்களின் வாக்குமூலத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அமெரிக்காவில் 1939-இல் தொடங்கிய கேம்பிரிட்ஜ்–சாமர்வில் இளைஞர் ஆய்வில், சிறுவர்களில் ஒரு பாதிக்குச் சராசரியாக ஐந்தாண்டுகளுக்கு மேல் ஆலோசனையும் ஆதரவும் தரப்பட்டன, மறுபாதிக்குத் தரப்படவில்லை. முப்பதாண்டுகள் கழித்து குற்றவியல் ஆய்வாளர் ஜோன் மெக்கார்ட் அந்தச் சிறுவர்களைத் தேடிப்பிடித்து ஆராய்ந்தபோது, உதவி பெற்றவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் அது தங்களுக்கு நன்மை செய்தது என்றே கூறினார்கள். ஆனால் குடிநோய், மீண்டும் குற்றம் செய்தல் போன்ற பல அளவுகோல்களில் அவர்கள் மறுபாதியினரைவிட மோசமான நிலையிலேயே இருந்தார்கள் என்று 1978-இல் அவர் வெளியிட்ட முடிவுகள் காட்டின. மனதார நன்றி சொல்பவருக்கும் தீங்கு நேர்ந்திருக்கலாம் என்பதால், நேர்காணலில் கிடைக்கும் பதில்களை ஒப்பீட்டுத் தரவுகளோடு உரசிப் பார்ப்பது கட்டாயம் என்று நான் கருதுகிறேன்.

ஒரு விளைவு திட்டத்தால்தான் நேர்ந்தது என்று எழுதுமுன், வேறு எது அதற்குக் காரணமாக இருந்திருக்கலாம் என்பதை ஒவ்வொன்றாக எடுத்துச் சான்றுகளோடு சோதியுங்கள். தீங்குகள் பெரும்பாலும் தாமதமாகவே தெரியவரும். ஆகவே திட்டம் முடிந்து சில ஆண்டுகள் கழித்து அதே மக்களிடம் மீண்டும் செல்வதற்கான தொகையைத் தொடக்கத்திலேயே ஒதுக்குமாறு நிதி வழங்குவோரிடம் வாதாடுங்கள்.