உங்கள் ஊர் கேசட் கடைகளும் சிடி கடைகளும் எப்படிக் காணாமல் போயின?

எங்கள் ஊர் திண்டுக்கல். நான் போய்வந்த கடையை மூடிப் பதினைந்து வருஷம் ஆகிறது. இந்தக் கேள்வி வந்தாலே எல்லோரும் யூடியூபையும் ஜியோவையும் கைகாட்டுகிறார்கள். நான் பக்கத்திலிருந்து பார்த்த வரையில், அந்தக் கடைக்கு உலை வைத்தது அது தன் கையாலேயே விற்ற எம்பி3 சிடிதான்.

இருபது வயதுக்காரர்களுக்காக முதலில் கடையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பலகையில் ஏதாவது சாமி பெயரோடு 'மியூசிக்கல்ஸ்' என்று இருக்கும். கம்பெனி கேசட்டும் விற்பார்கள், ஆனால் ஓட்டமெல்லாம் ரெக்கார்டிங்கில்தான். கம்பெனி கேசட்டில் பெரும்பாலும் ஏ சைடில் ஒரு படம், பி சைடில் இன்னொரு படம். நமக்குப் பிடித்ததோ இதில் இரண்டு பாட்டு, அதில் ஒன்று. அதனால் வேண்டிய பாட்டுகளைத் தாளில் எழுதி, எம்ப்டி கேசட்டோடு கொடுத்துவிட்டு வருவோம். நாலு நாளில் கிடைக்கும், கல்யாண சீசன் என்றால் பத்து நாள். காப்புரிமைச் சட்டப்படி பார்த்தால் இது திருட்டுதான். பலகை மாட்டியே செய்ததால் எங்களுக்கு அப்படித் தோன்றியதே இல்லை.

60 நிமிடக் கேசட்டில் சைடுக்கு 30 நிமிடம். பாட்டு நாலரை நிமிடம் என்றால் ஆறு பாட்டு போக மூன்று நிமிடம் மிஞ்சும். ஏழாவதைப் போட்டால் சரணத்தில் அறுந்துவிடும். கடைக்கார அண்ணனுக்கு இது பொறுக்காது. "தம்பி, ஏ சைடுல மூணு நிமிஷம் சும்மா கெடந்துச்சு, பழசு ஒண்ணு போட்டு விட்டுருக்கேன்" என்பார். பழைய 78 சுழற்சி இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம், கொஞ்சம் கூடக் கொள்ளும், அவ்வளவுதான். அதனால் அந்தக் காலத்துப் பாட்டுகள் பலவும் அந்த அளவுக்கே முடிந்துவிடும், நீளமானதை இரண்டு பக்கமாகப் பிரித்துப் போடுவார்கள். இதெல்லாம் அவர் சொல்லித் தெரிந்துகொண்டதுதான். இளையராஜா கேட்கப் போன என்னிடம் பி.பி.ஸ்ரீனிவாஸும் ஏ.எம்.ராஜாவும் வந்து சேர்ந்தது இந்த மூன்று நிமிடத்தில்தான்.

ஒரு தடவை எம்ப்டி கேசட்டுக்கு வைத்திருந்த 25 ரூபாயைப் பரோட்டாவில் கரைத்துவிட்டேன். வீட்டில் அக்கா கல்யாணத்துக் கேசட் ஒன்று கிடந்தது, நாதஸ்வரக் கச்சேரியை யாரோ டேப்ரெக்கார்டரில் பிடித்தது. கேசட்டின் முதுகில் சின்னதாக இரண்டு பிளாஸ்டிக் தடுப்பு இருக்கும். உடைத்துவிட்டால் அதன்மேல் மறுபடி பதிய முடியாது. அந்த ஓட்டையில் செல்லோடேப் ஒட்டினால் பதியலாம். கச்சிதமாக ஒட்டி எடுத்துக்கொண்டு போனேன். அண்ணன் எப்போதும் போல முதலில் ஓடவிட்டுப் பார்த்தார். தவில் சத்தத்துக்கு நடுவே யாரோ "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பந்திக்கு வாங்க" என்று கூப்பிடுகிறார். நிறுத்தினார். ஒட்டியிருந்த டேப்பை நகத்தால் உரித்தெடுத்துவிட்டு, கேசட்டை என் சட்டைப்பையில் செருகினார். "வீட்ல கேட்டுட்டு வா." வீட்டில் கேட்கவில்லை, கேட்டிருந்தால் முதுகு பிய்ந்திருக்கும்.

2000 வாக்கில் கடைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. ஊதுபத்தி, மாலையெல்லாம் போட்டுத்தான் தொடங்கினார். ஒரு எம்பி3 பாட்டு நாலு, ஐந்து எம்பி. 700 எம்பி சிடியில் 150 பாட்டு தாராளமாகப் பிடிக்கும். கேசட் கணக்கில் ஒரு டஜன் கேசட், விலை 40 ரூபாய். மாதம் இரண்டு தடவை வந்த ஆள் இனி வருஷத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும். அதைவிடப் பெரிய அடி இன்னொன்று. கேசட் பதிய ஒரு மணி நேரம் ஒருவர் கூடவே உட்கார வேண்டும், எந்தப் பாட்டு எவ்வளவு நேரம் என்று மண்டையில் இருக்க வேண்டும். சிடி ஐந்தே நிமிடத்தில் வெந்துவிடும், மூன்று நிமிடம் மிஞ்சுகிறதே என்ற கவலையும் கிடையாது. கம்ப்யூட்டர் வைத்திருக்கும் எந்தப் பையனும் அண்ணனுக்குப் போட்டியாகிவிட்டான்.

கடையில் ஓர் அலமாரி விசிடி, அதாவது சினிமாப் பட சிடி, வாடகைக்கும் ஓடிக்கொண்டிருந்தது. 2004-இல் தமிழ்நாடு அரசு வீடியோ திருட்டைக் குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. மறுவாரமே அலமாரி காலி, டார்ச் லைட்டும் பேட்டரியும் ஏறி உட்கார்ந்தன. அப்புறம் மெமரி கார்டு காலம். பக்கத்து செல்போன் கடையில் 2 ஜிபி கார்டு நிறைய, 400 பாட்டு, 50 ரூபாய்க்கு ஏற்றிக் கொடுத்தார்கள். இவரும் செய்து பார்த்தார், கட்டுப்படியாகவில்லை. 2010-இல் ஷட்டரை இறக்கினார். ஜியோ வந்தது 2016 செப்டம்பரில். அது தீர்த்துக்கட்டியது அந்த மெமரி கார்டு வியாபாரத்தை.

சென்னைக்காரர்கள் லேண்ட்மார்க் என்ற புத்தக, இசைக் கடையை நினைத்து உருகுவார்கள். 1987-இல் நுங்கம்பாக்கத்தில் தொடங்கியது, இப்போது இல்லை. வேலை தேடிச் சென்னையில் சுற்றிய நாட்களில் நானும் அங்கே ஏசிக்காகப் போய், சிடி உறைகளை மணிக்கணக்கில் புரட்டிவிட்டு, ஒன்றும் வாங்காமல் வந்திருக்கிறேன். என்னை மாதிரி ஆட்களை நம்பி எந்தக் கடை ஓடும்?

வினைல் இசைத்தட்டு திரும்பி வருகிறதே என்பார்கள். அமெரிக்காவில் 2022-இல் விற்ற எண்ணிக்கையில் வினைல் சிடியை முந்தியது, 1987-க்குப் பிறகு முதல் தடவையாக. சந்தோஷம். திண்டுக்கல்லில் ஒரு ரெக்கார்டுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கும் ஆளை நான் பார்த்ததில்லை.

அண்ணன் இப்போது வீட்டில் ஒரு பழைய டெக்கை வைத்துக்கொண்டு கேசட்டைப் பென்டிரைவுக்கு மாற்றித் தருகிறார். போன பொங்கலுக்குப் போனபோது அந்தக் கல்யாணக் கேசட்டைக் கொடுத்தேன். அவருக்கு என்னையும் நினைவில்லை, கேசட்டையும் நினைவில்லை. "பென்டிரைவ் கொண்டாந்தியா?" என்று மட்டும் கேட்டார். நாலு நாள் கழித்துப் போன் வந்தது. பி சைடில் கடைசி எட்டு நிமிடம் ஒன்றுமில்லை, வெறும் இரைச்சல்தான், வெட்டிவிடட்டுமா என்றார்.

இருக்கட்டும்ணே என்றேன்.