காருக்கு வால் வைத்தால் பெற்றோல் மிச்சமா?

கேள்வி: என்னிடம் பழைய ஆல்டோ ஒன்று இருக்கிறது. தினமும் தெஹிவளையிலிருந்து கொழும்புக் கோட்டைக்கு வேலைக்குப் போகிறேன். மாதம் ஒருமுறை அதிவேகப் பாதையில் காலி நகருக்கும் போவேன். விளம்பரப் பலகைக்குப் போடும் பிளாஸ்டிக் தகட்டை வெட்டி முன் கிறிலை அடைத்து, பின்னால் வால் மாதிரி ஒன்றும் பூட்டினால் பெற்றோல் மிச்சமாகுமா, ஐயா?
- வாசகர், தெஹிவளை

பதில்: தம்பி, காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். கொழும்புக்குள் காலி வீதி நெரிசலில் 25 கிலோமீற்றரில் ஊரும்போது இருப்பதைவிட, அதிவேகப் பாதையில் 100இல் ஓடும்போது 16 மடங்கு. வெள்ளவத்தை நெரிசலில் உங்கள் பெற்றோலைக் குடிப்பது நின்று நின்று கிளம்புவதும் காற்றுக் குறைந்த டயரும்தான். கோட்டை ஓட்டத்துக்கு எந்தத் தகடும் உதவாது.

கிறிலை அடைக்கவே வேண்டாம். குளிர் நாடுகளில் செய்கிறார்கள், சரி. இங்கே பம்பலப்பிட்டியில் மத்தியான வெயிலில் ஏசி போட்டு நிற்கும் காருக்கு, ரேடியேற்றருக்கும் அதன் முன்னால் இருக்கும் ஏசியின் கண்டென்சருக்கும் காற்று வேண்டும். எஞ்சின் சூடேறி, அதன் தலைப்பகுதியை இறுக்கி அடைக்கும் ஹெட் கஸ்கெட் போனால், மிச்சம் பிடித்த பெற்றோல் காசு அதற்குக் காணாது.

காலிப் பயணத்துக்கென்றால் செய்ய வேலை உண்டு. கூரையில் கேரியர் இருந்தால் கழற்றி வீட்டில் வையுங்கள். அப்புறம் குனிந்து காரின் அடியைப் பாருங்கள். பல கார்களில் எஞ்சினுக்குக் கீழே கறுப்புப் பிளாஸ்டிக் கவர் ஒன்று இருக்கும். ஒயில் மாற்றக் கழற்றியது திரும்ப ஏறாமலே போவதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஏறினாலும் இரண்டு கிளிப் இல்லாமல் முன் ஓரம் தொங்கி, தாரில் உரசி விளிம்பு சாம்பல் நிறமாகத் தேய்ந்திருக்கும். அந்தத் தொங்கல் ஓடுகிற ஓட்டமெல்லாம் காற்றை அள்ளிக்கொண்டே போகும். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் கிளிப் வாங்கிப் பூட்டுங்கள். வீட்டில் வெட்டிய தகட்டை மட்டும் சைலன்சர் குழாய்ப் பக்கம் கட்டாதீர்கள். அந்தச் சூட்டில் உருகும், தீயும் பிடிக்கலாம்.

வால் யோசனை பிழையில்லை. 1930களில் ஜெர்மன் பொறியியலாளர் வூனிபால்ட் காம் ஆராய்ந்த வடிவம்தான் அது: கூரையை மெல்லச் சரித்துக்கொண்டு போய்ச் சட்டென்று வெட்டிவிடுவது. டொயோட்டா பிரியஸ் காரின் பின்பக்கம் அந்த வகை. ஆனால் சரிவு ஏறத்தாழ 15 பாகையைத் தாண்டினால் காற்று காரை ஒட்டி ஓடாமல் பிரிந்துவிடும், பிறகு வால் வெறும் சுமை. ஆசை விடவில்லையா? கூரை ஓரத்திலும் பின் கண்ணாடியிலும் கம்பளி நூல் துண்டுகளை ஒட்டி, பக்கத்தில் வரும் வாகனத்திலிருந்து ஒருவரைப் படம் பிடிக்கச் சொல்லுங்கள். படிந்து கிடக்கும் நூல் காற்று ஒட்டி ஓடும் இடம். துடிக்கும் நூல் பிரிந்த இடம். என் கணக்கில், மாதம் ஒரு காலிப் பயணத்துக்கு வேகத்தை 100இலிருந்து 80 ஆக்கினாலே போதும். காற்றுத் தடை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும், ஒரு சதம் செலவில்லை.

கேள்வி: டபுள் கெப்பின் பின் பலகையை இறக்கிவிட்டு ஓடினால் காற்று லேசாகப் போகாதா?
- வாசகர், மட்டக்குளி

பதில்: இறக்காதீர்கள். பலகை மூடியிருந்தால் பெட்டிக்குள் காற்று சுழன்றபடி தங்கி நிற்கும். மேலே வரும் காற்று அதன்மேல் வழுக்கிப் போகும். இறக்கினால் அந்தச் சுழல் கலைந்து காற்றுத் தடை கூடும். பெட்டியை மூடி தார்ப்பாய் கட்டுவதென்றால் படபடக்காமல் இறுக்கிக் கட்டுங்கள்.