மாவுக்கட்டு பிரித்த முழங்கையை நீவலாமா?

கேள்வி: என் 7 வயது மகன் ஊஞ்சலிலிருந்து கையை ஊன்றி விழுந்ததில் முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிந்து, நான்கு வாரம் மாவுக்கட்டு போட்டிருந்தார்கள். கட்டைப் பிரித்துப் பத்து நாளாகியும் கை நீளவில்லை. எண்ணெய் போட்டு நீவி இழுத்துவிடுபவரிடம் காட்டச் சொல்லி உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள். அழைத்துப் போகலாமா?

பதில்: போகவே வேண்டாம். பத்தாம் நாளில் கை நீளாமல் இருப்பது இவ்வகை முறிவில் எதிர்பார்க்க வேண்டியதுதான். எலும்பு தவறாகக் கூடிவிட்டது என்று அதற்குப் பொருளல்ல.

முழங்கையில் மேற்கை எலும்பும் முன்கையின் இரண்டு எலும்புகளும் மூன்று மூட்டுகளாகச் சந்தித்து, ஒரே உறைக்குள் அடங்கியிருக்கின்றன. கையை முழுவதும் நீட்டும்போது, நாம் மேசையில் ஊன்றும் அந்த முழங்கை முனை, மேற்கை எலும்பின் பின்புறமுள்ள ஒரு குழிக்குள் போய்ப் பொருந்த வேண்டும். அந்தக் குழி இருக்குமிடத்தில் எலும்பு மிகவும் மெல்லியது; இவ்வகை முறிவு ஏற்படுவதும் அங்கேதான். வீக்கம் முற்றிலும் வடிந்து, நான்கு வாரம் அசையாமல் இறுகிய உறை இளகும்வரை கை தயங்கத்தான் செய்யும்.

நீவுவதில் உள்ள ஆபத்து மூட்டின் முன்புறத்தில் இருக்கிறது. உறையை ஒட்டியபடியே அங்கு ஒரு தடித்த தசை செல்கிறது. விழுந்தபோதே நைந்துபோன அந்தத் தசையை அழுத்தி நீவி, பிள்ளை அலற அலற இழுக்கும்போது, உள்ளே மீண்டும் இரத்தம் கசிந்து, தசைக்குள்ளேயே புதிய எலும்பு உருவாகிவிடக்கூடும். அதன் பிறகு கை நீளாதது மட்டுமல்ல, மடங்கவும் மறுக்கும். தானாகவே சரியாகியிருக்க வேண்டிய முழங்கைகள் இப்படி முடங்கிப்போய் என்னிடம் வந்திருக்கின்றன. ஒவ்வொரு முறையும் அதைப் பெற்றோரிடம் சொல்வது எனக்குப் பெரும் வேதனை.

‘ஒரே இழுப்பில் சரியான பிள்ளையை நாங்களே பார்த்தோம்’ என்று உங்கள் உறவினர்கள் சொல்லலாம். அது பொய்யாக இருக்காது. ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தையை ஒரு கையைப் பிடித்துத் தூக்கும்போது, முன்கையின் வெளிப்பக்க எலும்பின் தலை, அதைச் சுற்றியுள்ள வளையம் போன்ற நாரிலிருந்து சற்று நழுவிவிடுவதுண்டு. அங்கே முறிவு கிடையாது, வீக்கமும் பெரிதாக இருக்காது. குழந்தை கையைத் தொங்கவிட்டு அசைக்க மறுக்கும், அவ்வளவுதான். மருத்துவர் முன்கையைத் திருப்பி முழங்கையை மடக்கினால் ‘டக்’ என்று உள்ளே பொருந்தி, சில நிமிடங்களில் குழந்தை அந்தக் கையாலேயே பொம்மையை எடுக்கும். நீவுபவர்கள் பெற்ற பெயரில் பெரும்பங்கு இந்த நழுவலால் வந்தது. விழுந்து முறிந்த கைக்கு அது பொருந்தாது.

மருத்துவர்களாகிய எங்கள் மீதும் குற்றம் இருக்கிறது. கட்டைப் பிரித்ததும் சீட்டில் ‘பிசியோதெரபி’ என்று ஒரே ஒரு சொல்லை எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த நோயாளியை அழைக்கிறோம். இனி என்ன நடக்கும் என்று இரண்டு நிமிடம் எடுத்துச் சொல்லாத அந்த இடைவெளியில்தான், நீவுபவரிடம் ஆள் பிடித்துக் கொடுக்க வாசலில் காத்திருக்கும் தரகர் புகுந்துவிடுகிறார். இருபது நாளுக்கு மொத்தப் பணம் கட்டச் சொல்லி, கையை வலுவில் வளைக்கும் நிலையங்களையும் நான் நீவுபவர்களோடுதான் சேர்ப்பேன்.

மகனுடைய கையை வேறு யாரும் அசைக்க வேண்டாம், அவனே அசைக்கட்டும். சாப்பிடுவது, தலை வாருவது, சட்டைப் பொத்தான் போடுவது, வெதுவெதுப்பான நீரில் கையை விட்டு விளையாடுவது ஆகியவையே போதும். நிமிரட்டும் என்று அந்தக் கையில் தண்ணீர் வாளியைத் தூக்கவிடாதீர்கள். நேராக நீட்டிய கையை 0 பாகை என்று கொண்டால், முழங்கை 30 பாகையிலிருந்து 130 பாகை வரை மடங்கி இயங்கினாலே அன்றாட வேலைகளில் பெரும்பாலானவற்றைச் செய்துவிடலாம். அதைத் தாண்டிய கடைசிப் பகுதி திரும்பச் சில மாதங்கள், சிலருக்கு ஓராண்டுகூட ஆகும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, கையை இயன்றவரை நீட்டியும் மடக்கியும் பக்கவாட்டில் படம் எடுத்து வைத்தால், தினமும் பார்க்கும் கண்ணுக்குத் தெரியாத முன்னேற்றம் அதில் தெரியும்.

இருந்த அசைவு குறைந்துகொண்டே வந்தாலோ, மூட்டு சூடாகி வீங்கினாலோ, விரல்கள் மரத்தாலோ, இரு கைகளையும் நீட்டும்போது அடிபட்ட கை மட்டும் உட்புறமாக வளைந்து தெரிந்தாலோ, எலும்பு மருத்துவரிடம் உடனே காட்டுங்கள். போகும்போது விழுந்த அன்று எடுத்த எக்ஸ்ரேயையும் கட்டுப் பிரித்தபின் எடுத்த எக்ஸ்ரேயையும் கையோடு கொண்டுபோங்கள்.